இடைவேளையில் அம்மா

1

உதைபந்தாட்டம் என்றால் எனக்கு அருவருப்பு. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் முதலிலேயே இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. நான் இருக்கும் டோர்ட்மண்டில் இப்படிச் சொல்லிவிட்டு முழுசாக வீடு திரும்புவது கஷ்டம். சனிக்கிழமைகளில் ட்ராம் முழுக்க மஞ்சள் சால்வைகள், பியர் வாடை. யாரோ சத்தி எடுத்த இடத்தை மிதிக்காமல் ஏறவேண்டும். தோற்றால் அழுகிறார்கள், வென்றாலும் அழுகிறார்கள். அறுபது வயது மனிதர் ஒருவர் ஒரு பந்துக்காக மூக்கைச் சீறிச் சீறி அழ, வேலையால் களைத்து வந்த நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பெற்ற தாய் செத்தபோது இந்த மனிதர் இப்படி அழுதிருப்பாரா என்று அப்போது யோசித்தேன்.

ஆனால் ஒரே ஓர் ஆட்டம் எனக்கு மனப்பாடம். அதுவும் இந்த ஊர் ஆட்டம் இல்லை. இங்கிலாந்தின் லீக் ஆட்டம். ஒரு பக்கம் துறைமுக நகரத்துச் சிவப்புச் சட்டைகள். மற்றப் பக்கம் வடகிழக்கில் இருந்து வந்த கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டைகள். சிவப்பு நாலு, கோடு மூன்று. மூன்று வருடத்துக்கு முந்திய சங்கதி. போன கிழமை அதை ஏதோ ஒரு தொலைக்காட்சியில் திரும்பப் போட்டார்களாம். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில், என்னோடு துணி மடிக்கிற ஊவே மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதைப் பற்றியே கதைத்தான்.

"முதல் கோல் காலால் அடிச்சது" என்றான்.

"தலையால்" என்றேன்.

ஊவே பாணைக் கடித்தபடி என்னைப் பார்த்தான். இரண்டாவது, மூன்றாவது என்று ஏழு கோலையும் கேட்டான். ஏழையும் சொன்னேன். கடைசிக் கோல் விழுந்ததும் கோட்டுச் சட்டைக்காரரின் பயிற்சியாளர் விளம்பரப் பலகைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்ததையும் சொன்னேன். "உனக்கு உதைபந்து பிடிக்காதென்று சொன்னாயே" என்றான் அவன்.

பிடிக்காது. அதிலும் அந்த ஆட்டத்தை நினைத்தால் வாயில் கசப்பு ஊறுகிறது. காரணத்தை ஊவேக்கு ஜெர்மனில் சொல்ல எனக்கு ஏலாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

2

அம்மா கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையில் செத்துப்போனா. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் மழைக்குள் வெளிக்கிட்டபோது தானும் வெளிக்கிட்டு, வன்னியில் கிடந்து, எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்த மனிசி. உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய தபசுகாலம் தொடங்கியிருந்த நேரம் சேதி வந்தது. அடுத்த நாள் காலையிலேயே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடினேன்.

என்னிடம் அப்போது இருந்த தாளுக்கு டுல்டுங் என்று பெயர். பொறுத்துக்கொள்வது என்று அர்த்தம். அதாவது என்னை இந்த நாடு பொறுத்துக்கொள்கிறது. சட்டையில் ஒட்டின சேற்றை, காயும்வரைக்கும் பொறுத்துக்கொள்கிற மாதிரி. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வரும்.

மேசைக்குப் பின்னால் இருந்தவள் டெர்மின், அதாவது முன்கூட்டியே எடுத்த சந்திப்பு நேரம், இருக்கிறதா என்று கேட்டாள். அம்மா டெர்மின் எடுத்துக்கொண்டு சாகவில்லை என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் காணாது. அம்மா தவறிப்போனா என்பதைத்தான் அப்படியே ஜெர்மனுக்கு மாற்றிச் சொன்னேன். பெரியவர்கள் இறந்தால் செத்துப்போனா என்று அந்நியரிடம் பச்சையாகச் சொல்ல எங்களுக்கு வாய் வருமா? அவளுக்கு விளங்கியது வேறு. என் தாய் தொலைந்துபோய்விட்டா என்று விளங்கிக்கொண்டாள்.

"பொலிசுக்குப் போங்கள்" என்றாள். பிறகு கொஞ்சம் இரங்கி, "கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டாள்.

நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். "கொழும்பு விமான நிலையத்தில்" என்றேன்.

விஷயம் விளங்குவதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. விளங்கியதும் அனுதாபம் சொன்னாள், அதை நான் மறுக்கவில்லை. தாராளமாகப் போகலாம், ஆனால் திரும்பி வர முடியாது என்றாள். மனைவியும் பிள்ளையும் இங்கே. நான் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் செத்தவீட்டை வீடியோ எடுக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கலியாணம் எடுக்கிற அதே கடைக்காரன்தான் வந்து எடுப்பான். அம்மாவின் செத்தவீட்டையும் எடுத்தார்கள். மூன்று மணித்தியாலக் கசெட். லண்டன் போன ஒருவரின் பெட்டிக்குள் அது போனது. அங்கே என் அக்கா பார்த்துவிட்டு எனக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

அக்கா ஒரு தடவைதான் பார்த்தாளாம். அதுவும் பாதி நேரம் முகத்தைப் பொத்திக்கொண்டு. பிறகு கசெட்டை அலுமாரியில் வைத்தாள். வைக்கும்போது அதன்மேல் ஒன்றும் எழுதவில்லை. செத்தவீடு என்று எழுதி ஆராவது வீட்டுக்குள் வைப்பார்களா? எழுதினால் அந்தச் சொல்லே இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும் என்பது எங்கள் பயம். கலியாணக் கசெட்டுகளுக்குப் பூப்போட்ட லேபல். பிறந்தநாள் கசெட்டுகளுக்குப் பலூன் படம். செத்தவீட்டுக் கசெட் மட்டும் எந்த வீட்டிலும் பெயரில்லாமல் மொட்டையாகத்தான் கிடக்கும். உங்கள் வீட்டு அலுமாரியையும் ஒருக்கால் திறந்து பாருங்கள்.

அத்தானுக்கு, அதாவது அக்காவின் புருசனுக்கு, உதைபந்துப் பைத்தியம். பெரிய வியாழனுக்கு முதல் நாள் பின்னேரம் அக்கா கோயிலுக்குப் போய்விட்டாள். இவர் கோயிலுக்குப் போகவில்லை. ஆட்டம் இருந்தது. அதைப் பதிந்து வைக்க ஒரு கசெட் தேடினார். மொட்டையாக ஒன்று கிடைத்தது.

உயிர்த்த ஞாயிறு அன்று எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, ஒரு சின்னப் பிழை நடந்துபோச்சு."

சின்னப் பிழை என்னவென்று சொன்னார். அதே மூச்சில் தொடர்ந்தார்.

"ஆனா ஒண்டு சொல்லுறன் கேள். உது சும்மா ஆட்டம் இல்லை. ஏழு கோல். கடைசி நிமிசத்திலதான் வெண்டவங்கள். சரித்திரமடா தம்பி. உப்பிடி ஒரு ஆட்டம் இனி வராது."

"அம்மான்ர செத்தவீடும் இனி வராது அத்தான்" என்றேன்.

"ஓம், ஓம், அது விளங்குது" என்றார்.

சரித்திரத்தில் எழுதப்பட்ட ஆட்டம் என்று ஆட்கள் சொல்லும்போது எனக்கு அருவருப்பு வருவது இதனால்தான். அது எதன்மேல் எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

4

எதற்கும் கசெட்டை அனுப்பச் சொன்னேன். வந்தது. போட்டேன். கொழும்புச் சவச்சாலைக்காரனின் பூக்கள் இருக்கவேண்டிய இடத்தில் பச்சைப் புல். சிவப்புச் சட்டைகள் வந்த கையோடு ஒரு கோல், தலையால். பிறகு கோட்டுச் சட்டைகள் இரண்டு போட்டார்கள். சனம் பாடுகிறது, கத்துகிறது. அம்மா எங்காவது ஓர் ஓரத்தில் மிஞ்சியிருக்கமாட்டாவா என்று நான் பந்தைப் பார்க்காமல் திரையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசர்த்தனம்தான்.

முதல் பாதி முடிந்து நடுவர் விசில் ஊதினார். திரை ஒருக்கால் நடுங்கியது. அம்மா வந்தா.

அத்தான் இடைவேளையில் பதிவை நிற்பாட்டியிருக்கிறார். விளம்பரங்கள் வேண்டாம் என்று. தேத்தண்ணி போடக் குசினிக்குப் போகும்போது எந்தப் பொத்தானை அமத்தினாரோ, கசெட் தன்பாட்டில் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டது. பார்க்க அறையில் ஆளில்லை. அந்தக் கொஞ்சத் தூரம் அழியாமல் தப்பிவிட்டது. ஆட்டம் முடிந்த பிறகும் பதிவை நிற்பாட்ட மறந்துவிட்டார், மிச்சம் முழுக்கக் கசெட்டின் கடைசிவரைக்கும் அழிந்துவிட்டது. மூன்று மணித்தியாலத்தில் எனக்கு மிஞ்சியது அவருடைய ஒரு தேத்தண்ணி நேரம்.

பெட்டிக்குள் அம்மா வெள்ளைச் சேலையோடு கிடக்கிறா. விரல்களில் செபமாலை. மூக்கு நான் நினைத்ததைவிடக் கூராக இருக்கிறது. பக்கத்தில் சின்னம்மா இருந்து, இலையான் முகத்தில் மொய்க்காமல் விசிறுகிறா. யாரோ ஒரு பிள்ளை வெறுந்தேத்தண்ணித் தட்டோடு நடுவால் போகிறது. "கமராவுக்கு வழி விடுங்கோ" என்று ஒரு குரல். கமரா சின்னம்மாவிடம் போகிறது. சின்னம்மா விசிறியை நிற்பாட்டிவிட்டு நேரே என்னைப் பார்க்கிறா.

"தாசன், பார் ராசா. கொம்மாவை வடிவாப் பார். கொம்மா கடைசியா உன்னைத்தான்..."

அந்த இடத்தில் இரண்டாம் பாதி தொடங்குகிறது. சின்னம்மாவின் திறந்த வாய்க்குமேல் இருபத்திரண்டு பேர் ஓடுகிறார்கள்.

உன்னைத்தான் என்ன? கேட்டாவா, தேடினாவா, திட்டினாவா? அக்காவிடம் கேட்டேன். அந்த இடத்தில் தான் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்ததாகவும் காதில் விழவில்லை என்றும் சொன்னாள். கொழும்பில் ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்து, சின்னம்மாவைக் கூப்பிடுவித்து அவவிடமே கேட்டேன்.

"என்னவோ சொன்னனான்தான் ராசா" என்றா சின்னம்மா. "வெளிநாட்டில இருக்கிறவருக்கு ஏதாவது சொல்லுங்கோ எண்டு கமராக்காரப் பொடியன் நிண்டவன். அவன் சொல்லச் சொல்ல நான் சொன்னனான். என்னத்தை எண்டு எனக்கெங்க ஞாபகம்."

அவ்வளவுதான். இருந்தும் நான் அந்த வசனத்தின் மிச்சத்துக்குக் காத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் போட்டுப் பார்க்கும்போது, இந்தமுறை அவ சொல்லிமுடித்துவிடுவா என்று ஒரு நப்பாசை.

5

என் மகள் டிலானிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பெட்டையளின் அணியில் பந்தடிக்கிறாள். இந்த ஊர் பிள்ளைக்குள் புகுந்துவிட்டது, என்ன செய்வது. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே நல்ல கசெட் அதுதான் என்பது அவளுடைய எண்ணம். நான் வேலைக்குப் போகும் நேரங்களில் போட்டுப் பார்ப்பாள். தேயும், போடாதே என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் தமிழில் சொல்லப்படுவது எல்லாமே அவளுக்குக் காலநிலை அறிக்கை மாதிரி.

ஒருநாள் நேரத்தோடு வேலை முடிந்து வந்தேன். வரவேற்பறையில் டிலானியும் அவளுடைய சிநேகிதி யூலியாவும். திரையில் முதல் பாதி முடிகிறது. அம்மா வந்தா. யூலியா சிப்ஸ் சாப்பிடுவதை நிற்பாட்டிவிட்டு, இது என்ன என்று கேட்டாள்.

"வேர்பூங்" என்றாள் என் மகள்.

விளம்பரம் என்று அர்த்தம். அவளுடைய கை ரிமோட்டில் இருந்தது. அம்மாவின் முகத்தில் கோடுகள் விழுந்தன. சின்னம்மாவின் விசிறி பைத்தியம் பிடித்த மாதிரி அடித்தது. இரண்டாம் பாதி வந்துவிட்டது.

யூலியா போகும்வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு கேட்டேன்.

"அது ஆர்?"

"அப்பம்மா."

"தெரிஞ்சுகொண்டோ அப்பிடிச் சொன்னனி?"

டிலானி காலால் கம்பளத்தைச் சுரண்டினாள். "அப்பா, இஞ்ச செத்த ஆக்களைப் படம் எடுக்கிறேல்லை. எப்பிடி நான் அவளுக்கு விளங்கப்படுத்துறது? என்னை ஏக்லிஷ் எண்டு நினைப்பாள்."

ஏக்லிஷ் என்பது அருவருப்பு என்பதற்கு இந்தப் பிள்ளைகளின் சொல். மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் சொல்லுவார்கள். பழுதாய்ப்போன பாலுக்குச் சொல்லுவார்கள், சளிக்குச் சொல்லுவார்கள். என்னுடைய தாயின் முகத்துக்கு அந்தச் சொல் வந்துவிடுமோ என்று என் பிள்ளை பயந்து, அதற்கு முந்திக்கொண்டு விளம்பரம் என்று சொல்லியிருக்கிறாள். அடிக்கவும் மனம் வரவில்லை, அணைக்கவும் மனம் வரவில்லை. குசினிக்குள் போய்ப் பச்சைத்தண்ணி குடித்தேன்.

6

இந்த வருடம் அம்மாவின் ஆண்டு நினைவுக்கு அக்காவும் அத்தானும் லண்டனில் இருந்து வந்தார்கள். வீட்டில் செபமாலை சொன்னோம். தெரிந்த நாலைந்து குடும்பங்கள் வந்திருந்தன. சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. சாப்பிட்டுக் கை காயுமுன் அத்தான் ஆண்களைப் பார்த்துச் சொன்னார்.

"உங்களுக்குத் தெரியுமே, அந்த நாலுக்கு மூண்டு ஆட்டம், நான் நேரடியாப் பதிஞ்ச கொப்பி இந்த வீட்டிலதான் கிடக்கு."

கதிரைகள் திரும்பின. நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்ட முன்னமே டிலானி கசெட்டைப் போட்டுவிட்டாள். அம்மாவின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்க, இந்தப் பக்கத்தில் சனம் கத்தியது. சற்றுமுன் முழங்காலில் நின்று செபமாலை சொன்ன அதே மனிதர்கள்தான்.

முதல் பாதி முடிந்தது. அம்மா வந்தா. எல்லோரும் எழும்பினார்கள். ஒருவர் கக்கூசுக்கு. இருவர் சிகரெட்டோடு பல்கணிக்கு. ஒருவர் தேத்தண்ணி கேட்டுக் குசினிப் பக்கம். அக்கா அங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள், வரவில்லை. இந்த அறைக்கு ஆட்கள் வந்ததே அம்மாவை நினைக்கத்தான். அம்மா வந்தபோது ஒருவரும் இல்லை. வெறும் கதிரைகளுக்கு முன்னால் சின்னம்மா என்னைக் கூப்பிட்டா. "பார் ராசா" என்றா. பார்த்தேன். டிலானி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஓட்டவில்லை.

போகும்போது அத்தான் என் தோளில் கையைப் போட்டார்.

"தம்பி, எனக்கொரு கொப்பி அடிச்சு அனுப்பு. நடுவில கிடக்கிற அந்தத் துண்டை வெட்டிவிடு, என்ன? சனத்துக்குப் போட்டுக் காட்டேக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

எனக்கு வந்த அருவருப்பை எழுத இந்த மொழியில் எனக்குச் சொல் இல்லை. மகளின் சொல்தான் வந்தது.

"ஓம் அத்தான், அனுப்பிவிடுறன்" என்றேன்.

7

பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கும் ஒரு தமிழ்ப் பொடியனிடம் இன்னொரு டெக் இரவல் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை டிலானி வயர்களைக் கொழுவித் தந்தாள். முதல் பாதியை முழுசாகப் பதியச் சொன்னேன். பதிந்தாள். விசில் ஊதியது.

"இப்ப நிப்பாட்டி, ரெண்டாம் பாதிக்கு ஓட்டவோ?"

"இல்லை. அப்பம்மாவைப் பதி."

பதிந்தாள். சின்னம்மா வாயைத் திறந்ததும் நிற்பாட்டினாள்.

"இனி?"

"திரும்ப அப்பம்மாவைப் பதி."

டிலானி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "எத்தினை தரம்?"

"கசெட் முடியுமட்டும்."

விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, இது கெமைன்" என்றாள். நச்சுத்தனமான குறும்பு என்று அர்த்தம். கண் சிரித்தது. அன்று பின்னேரம் முழுக்க நாங்கள் இரண்டுபேரும் நிலத்தில் இருந்து அம்மாவைப் பதிந்தோம். ஓட்டி, நிற்பாட்டி, திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்து. புல்லில் ஒரு துண்டும் வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன், வரவில்லை. பிள்ளையின் விரல் அவ்வளவு சுத்தம். போகப்போக சின்னம்மாவோடு சேர்ந்து தானும் சொல்லத் தொடங்கினாள். "கொம்மாவை வடிவாப் பார்." வடிவா என்றால் அழகாகவோ என்று கேட்டாள். இந்த இடத்தில் நல்லாப் பார் என்று அர்த்தம் என்றேன்.

கசெட்டை வெளியே எடுத்து, லேபலில் என்ன எழுதுவது என்று கேட்டாள்.

"செத்தவீடு எண்டு எழுது. பெரிசா."

"வீடு எப்பிடியப்பா சாகும்?"

பேனையை வாங்கி நானே எழுதினேன். தபாலில் அனுப்பினேன்.

நேற்று அக்கா தொலைபேசி எடுத்தாள். அத்தான் லேபலைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றாராம். ஆனால் சிநேகிதர்களைக் கூப்பிட்டாயிற்று, அவர்கள் வந்து இருந்துவிட்டார்கள். அப்பிடியே போட்டாராம். முதல் பாதி முடிய அம்மா வந்திருக்கிறா. வழக்கம்போல எழும்பிப் போனார்கள். திரும்பி வந்தார்கள். அம்மா இன்னும் கிடக்கிறா. இப்ப தொடங்கும், இப்ப தொடங்கும் என்று இருந்திருக்கிறார்கள். சின்னம்மா தொடங்குகிறா, நிற்கிறா, தொடங்குகிறா.

"பேந்து?" என்றேன்.

"நிப்பாட்டச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரேல்லையடா. செத்த ஆளின்ர முகத்தை எப்பிடி நிப்பாட்டுறது? அப்பிடியே கையைக் கட்டிக்கொண்டு இருந்திட்டினம். கொம்மா கடைசியா என்ன சொன்னவ எண்டு என்னட்டக் கேக்கினம்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "நானும் இந்தமுறை முகத்தைப் பொத்தாமல் இருந்து பாத்தன் தம்பி. பேந்து எழும்பிப் போய் எல்லாருக்கும் வெறுந்தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன்."

பாலில்லாத தேத்தண்ணி எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கொடுப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பின்னால் அத்தானின் குரல் கேட்டது. "ரெண்டாம் பாதி எங்கையாம் எண்டு கேள். எப்ப அனுப்புவானாம்?"

"இடைவேளை இன்னும் முடியேல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன்.